வலது கைக்கு வந்த பரிச்சை

ஒரு ஊர்ல ஒரு கை இருந்துச்சு. ராஜா, மந்திரி எல்லாம் வேற கதைக்குப் போயிட்டாங்க. இங்க மிச்சம் கைதான். அதுவும் வலது கை.

அது துளசிமணியோட கை. தாராபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி சந்துல துளசிமணி ஒரு தையக்கடை வெச்சிருந்தா. முக்காவாசி பள்ளிக்கூட யூனிபாரம். அந்தக் கை பாக்காமயே ஊசியில நூல் கோக்கும். பேசிக்கிட்டே பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுக்கும். சண்டை போட்டுக்கிட்டே பட்டன் தைக்கும். அதோட வேகத்தைப் பாத்து இடது கை எதுலயும் தலையிடறதே இல்ல. துணியைப் புடிச்சுக்கிட்டு வேடிக்கை பாக்கும்.

அந்த வலது கைக்கு ஒரு செல்லம் உண்டு. துளசிமணியோட பையன் புவனேஷ். வயசு ஒம்பது. அப்பன் லாரி எடுத்துக்கிட்டு வடக்க போனா எப்ப வருவான்னு லாரிக்கே தெரியாது. அதனால புவனேஷுக்கு அம்மான்னாலும் அந்தக் கைதான், அப்பன்னாலும் அந்தக் கைதான்.

புவனேஷ் எல்லாத்துலயும் லேட்டு. தலை நின்னது லேட்டு, உக்காந்தது லேட்டு, நடந்தது லேட்டு. அவன் 'அம்மா'ன்னு சொல்றதுக்குள்ள பக்கத்து வீட்டுப் புள்ள தெரு வம்பெல்லாம் பேச ஆரம்பிச்சிருச்சு. பள்ளிக்கூடத்துல அவனுக்குக் கடைசி பெஞ்சு. மத்த பசங்க வாய்ப்பாடு சொல்றப்ப இவன் ரப்பரைப் பிச்சுப் பிச்சுத் தின்னுக்கிட்டிருப்பான். யாரையும் அடிக்க மாட்டான், ஒண்ணும் பண்ண மாட்டான். சிரிப்பான். அவன் சிரிச்சா எதிர்ல இருக்கறவங்களுக்கும் சிரிப்பு வந்துரும், எதுக்குன்னு ரெண்டு பேருக்குமே தெரியாது.

காலையில அவன் சட்டைப் பட்டனைத் தொடுவான். தொட்டு, காஜாவைத் தேடுவான். தேடி முடிக்கறதுக்குள்ள கை வந்து மேல இருந்து கீழ வரைக்கும் போட்டுட்டுப் போயிரும். செருப்பைப் பாப்பான். பாத்தது போதும்னு கை மாட்டிவிட்டுரும். மத்தியானம் சோத்து மணி அடிச்சா, துளசிமணி கடையைப் பூட்டிட்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடுவா. டப்பாவைத் தொறந்து அவன் சோத்தைத் தொடறதுக்குள்ள வாயில உருண்டை இருக்கும். ஊட்டி முடிச்சு, வாயைத் தொடச்சு, அப்படியே வீட்டுக்கும் கூட்டிட்டு வந்துரும் அந்தக் கை. பாதி நாள் பள்ளிக்கூடம்தான் அவனுக்கு.

"என் தங்கத்துக்கு என்னத்துக்குச் சிரமம்," அப்படின்னு கை தனக்குத்தானே சொல்லிக்கும்.

துளசிமணி கழுத்துல எந்நேரமும் ஒரு இஞ்ச் டேப்பு தொங்கும். அது வாயாடி. மேல இருந்து பாத்துக்கிட்டே கைகிட்ட கேக்கும்: "ஏப்பா, மூச்சாவது அவனா விடறானா, இல்ல அதையும் நீதான் விட்டுவிடறயா?"

"உன்ற வேலையப் பாரு. நீயே கழுத்துல தொங்கற சாமான், உனக்கென்னடா தெரியும் புள்ள வளக்கறதப் பத்தி."

"தொங்கறதனாலதான்டா எல்லாம் தெரியுது. நீ எங்க நிமிந்து பாக்கற."

இப்படியே போயிட்டிருந்தப்ப, ஒரு நாள் ஹெட்மிஸ்ட்ரஸ் துளசிமணியக் கூப்பிட்டு விட்டாங்க.

"துளசிமணி, இவனை மாதிரிப் புள்ளைங்களுக்குச் சொல்லிக்குடுக்கறதுக்குன்னே ஒரு டீச்சர் மத்தியானத்துல நம்ம ஸ்கூலுக்கு வரப்போறாங்க. பக்கத்துல உக்காந்து பொறுமையாச் சொல்லிக்குடுப்பாங்க. இவனையும் சேத்துவிடலாம். அதுக்கு இவன் புத்தி எவ்வளவுன்னு அளந்து ஒரு பேப்பர் வேணும். போய் டெஸ்ட் எடுத்துட்டு வாங்க."

நல்ல சேதிதான். ஆனா துளசிமணி காதுல ஏறினது ஒரே வார்த்தை. டெஸ்ட்டு. நம்ம ஊர்ல டெஸ்ட்டுன்னா வேற என்ன? பாஸானா உள்ள, இல்லாட்டி வெளிய. ஒண்ணுக்குப் போறதைச் சொல்லத் தெரியாத புள்ளைக்கே எல்கேஜிக்கு டெஸ்ட் வெக்கற ஊரு இது. மார்க் கொறஞ்சா அந்த டீச்சர் இவனுக்குக் கெடைக்க மாட்டாங்கன்னு அவ முடிவே கட்டிட்டா.

அவ முடிவு கட்டினா கையும் கட்டின மாதிரி. "இவனைப் பாஸ் பண்ண வெக்காம விடமாட்டேன்," அப்படின்னு கை வெரலை மடக்குச்சு.

"பரிச்சை உனக்கா அவனுக்கா?" டேப்பு கேட்டுச்சு.

கை காதுலயே வாங்கல. கைக்கு ஏது காது.

டெஸ்ட்டுக்குக் கெளம்பின அவசரத்துல துளசிமணி டேப்பைக் கழட்ட மறந்துட்டா. பஸ்ல கண்டக்டர் அதப் பாத்துட்டு, "ஏக்கா, டிக்கெட்டை இஞ்சுக் கணக்குல கிழிக்கோணுங்களா?"ன்னு கேட்டான். அவளுக்கு இருந்த பதட்டத்துல, "ஆமாங்க, ஒண்ணரை"ன்னு சொல்லிட்டு ஜன்னலப் பாத்துக்கிட்டா. டேப்புக்கு ஒரே குஷி. வெளியூரு பாத்து எத்தனை நாளாச்சு.

டெஸ்ட் எடுக்கற ரூம் பெரியாஸ்பத்திரி மாடியில இருந்துச்சு. உள்ள, புள்ளைங்களுக்கு டெஸ்ட் வெக்கற ஜெசிந்தா மேடம். மேசைமேல ஒரு டீ, குடிக்க நேரமில்லாம ஆடை கட்டிக் கெடந்துச்சு. அம்மாவை அப்புறம் பாத்துக்கலாம்னு மேடம் மொதல்ல புவனேஷுக்குத்தான் வணக்கம் வெச்சாங்க.

"வாங்க சார். உங்க பேரென்ன?"

"புவ," அப்படின்னான் அவன். மிச்சத்தைச் சிரிப்புல முடிச்சுட்டான்.

மேசையில ஒரு மரப்பலகை. அதுல வட்டமா, சதுரமா, நட்சத்திரமா, கூட்டல் குறி மாதிரி, இன்னும் பல தினுசுல குழி குழியா வெட்டியிருக்கு. அந்தந்தக் குழியில உக்காரற கட்டைங்க வெளிய குவிஞ்சு கெடக்கு. எடுத்து அதது எடத்துல வெக்கணும். அவ்வளவுதான் வெளையாட்டு. எவ்வளவு நேரத்துல வெக்கறாங்கன்னு பாக்கறதுக்கு செவப்புக் கயிறு கட்டின ஒரு ஸ்டாப்வாட்ச்சு, தாசில்தாரு மாதிரி வெறப்பா உக்காந்திருந்துச்சு.

டேப்பு சும்மா இருக்குமா. "வணக்கமுங்க. நானும் அளக்கற ஜாதிதான். நீங்க எதை அளப்பீங்க?"

"நேரத்தை," ஸ்டாப்வாட்ச்சு சொல்லுச்சு. "நீங்க?"

"இடுப்பை."

"அதுல என்ன இருக்கு?"

"ஒருக்கா அளந்து பாருங்க. எத்தனை பேரு சண்டைக்கு வர்றாங்கன்னு தெரியும்."

கை நடுவுல புகுந்துச்சு. "அதெல்லாம் கெடக்கட்டும். இங்க பாஸ் மார்க்கு எவ்வளவுங்க?"

"பாஸ் மார்க்கா? அப்படி ஒண்ணு எனக்குத் தெரியாது. ஓடுன்னா ஓடுவேன், நில்லுன்னா நிப்பேன்."

"எல்லா ஆபீஸ்லயும் மொதல்ல இப்படித்தான் சொல்லுவாங்க," கை டேப்புகிட்ட முணுமுணுத்துச்சு. "நான் பாத்துக்கறேன்."

மேடம் சொன்னாங்க: "அம்மா, நீங்க கொஞ்சம் தள்ளி உக்காந்துக்குங்க."

புவனேஷ் அம்மா முந்தானையை இழுத்துப் புடிச்சுக்கிட்டான். ஒதடு கோணிக்கிட்டு அழுகைக்குத் தயாராச்சு.

"சரி சரி, பக்கத்துலயே இருங்க. ஆனா கை குடுக்கக் கூடாது."

"அய்யோ, நான் எதுக்குங்க மேடம் குடுக்கறேன்," அப்படின்னா துளசிமணி. அவ சொல்லி முடிக்கறப்ப கை அவன் முழங்கைக்குப் போய்ச் சேந்திருந்துச்சு.

ஸ்டாப்வாட்ச்சு ஓட ஆரம்பிச்சுது. கையும் ஓட ஆரம்பிச்சுது. பையனோட முழங்கையைப் பின்னாடி இருந்து புடிச்சு, ஆட்டோக்காரன் ஹேண்டில் திருப்பற மாதிரி, லெப்ட்டுல ஒரு தள்ளு, ரைட்டுல ஒரு வளைப்பு. வட்டம் விழுந்துச்சு. சதுரம் விழுந்துச்சு. கூட்டல் குறி உக்காந்துச்சு.

"யாருய்யா என்னை இந்த வேகத்துல தூக்கறது?" நட்சத்திரக் கட்டை கேட்டுச்சு. "புள்ள கை மெத்துன்னு இருக்கு. ஆனா ஓட்டறது வேற யாரோ மாதிரி இருக்கே."

"வாயை மூடிட்டு குழியில எறங்கு," அப்படின்னு கை அதையும் அமுக்கிருச்சு.

மேடம் வாட்ச்சை நிறுத்தினாங்க. ஸ்டாப்வாட்ச்சுக்குத் தன்மேலயே நம்பிக்கை போயிருச்சு. "இது ரொம்பக் கெட்டிக்காரப் பையனோட நேரமாச்சே. எனக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சா?"

துளசிமணி மொகத்துல ஆயிரம் வாட்ஸ் பல்பு. "பாஸுங்களா மேடம்?"

மேடம் பேனாவைக் கையில உருட்டிக்கிட்டே சொன்னாங்க. "இந்த நேரத்துல முடிச்சா ஒரு கொறையும் இல்லன்னுதான் எழுதோணும். அப்ப அந்தத் தனி டீச்சர் இவனுக்குத் தேவையில்ல. எல்லாரோடயும் ஒரே பாடம், ஒரே பரிச்சை. இப்ப உக்காந்திருக்கற எடத்துலயே உக்காந்துக்கலாம்."

பல்பு பியூஸாச்சு. இப்ப உக்காந்திருக்கற எடம்னா கடைசி பெஞ்சு. ரப்பரு.

டேப்பு மெல்லக் கையைக் கூப்பிட்டுச்சு. "ஏப்பா. நம்ம கடைக்கு அந்தத் தோட்டத்துக்காரர் வந்தாரே, மக கல்யாணத்துக்குச் சட்டை தைக்க. ஞாபகம் இருக்கா?"

"இப்ப எதுக்கு அது?"

"நான் அவரு வயித்தைச் சுத்தினப்ப மூச்சைப் புடிச்சு உள்ள எக்கிக்கிட்டாரு. எனக்கென்ன, எக்கின அளவைக் காட்டினேன். நீயும் அதுக்கே தைச்ச. கல்யாணத்தன்னைக்கு சம்மந்தி முன்னாடி குனிஞ்சு கும்பிட்டாரு. ரெண்டு பட்டன் தெறிச்சு, ஒண்ணு பாயசத்துல போய் விழுந்துச்சு."

"சிரிக்கற நேரமாடா இது?"

"சிரிக்கல. அவராவது அவரு வயித்தை எக்கினாரு. நீ இந்தப் பையன் வயித்தை எக்கிக்கிட்டிருக்க. நீ காட்டற அளவுச் சட்டையை நீயா போடப்போற? அவன்தான் போடோணும்."

கை பையனோட முழங்கையை விட்டுட்டு மெதுவா மடிக்கு எறங்குச்சு. அது எறங்கவும் துளசிமணி வாய் தொறந்துச்சு.

"மேடம், நான்தானுங்க தள்ளிவிட்டேன். பாஸானாத்தான் அந்த டீச்சரைக் குடுப்பாங்கன்னு நெனச்சுட்டேனுங்க."

"தெரியுமுங்க," அப்படின்னாங்க மேடம். "அவன் கண்ணு ஜன்னல்ல இருக்கற காக்காயப் பாக்குது. முழங்கை மட்டும் கரெக்டா குழிக்குப் போகுது. எத்தனையோ புள்ளைங்களைப் பாத்திருக்கேன், இப்படி ஒரு புத்திசாலி முழங்கையைப் பாத்ததே இல்ல."

துளசிமணிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒண்ணா வந்து மூக்குல முட்டிக்கிச்சு.

"இங்க பாஸும் இல்ல, பெயிலும் இல்லீங்க. அளவுதான். ஏத்திக் காட்டினாலும் அவனுக்குச் சேராது, எறக்கிக் காட்டினாலும் சேராது. கழுத்துல டேப்போட வந்திருக்கறவங்களுக்கு நான் சொல்லோணுமா?"

துளசிமணி கழுத்தைத் தடவிப் பாத்தா. அப்பத்தான் அவளுக்கு அது தொங்கறதே தெரிஞ்சுது. டேப்பு ஒண்ணுமே தெரியாத மாதிரி மூஞ்சியை வெச்சுக்கிச்சு.

"திரும்பவும் பண்ணலாம். ஆனா ஒரு கண்டிசன். அந்த வலது கையைத் தொடைக்கு அடியில வெச்சு, அதும்மேல உக்காந்துக்குங்க."

கை போய்ச் சேருக்கும் தொடைக்கும் நடுவுல சிக்கிக்கிச்சு. "வாங்க," அப்படின்னுச்சு சேரு. "நெறைய கைங்க வந்து போன எடந்தான். இங்க வந்தா எல்லாரும் அடங்கிருவாங்க."

"எவ்வளவு நேரம்?"

"அவன் முடிக்கற வரைக்கும்."

ஸ்டாப்வாட்ச்சு ஓடுச்சு. புவனேஷ் கட்டைங்களைப் பாத்தான். அப்புறம் காக்காயப் பாத்தான். திரும்பக் கட்டையப் பாத்தான். வட்டத்தை எடுத்தான். வட்டம் நல்ல மனுசன், எப்படி வெச்சாலும் கோவிச்சுக்காது, அது எறங்கிருச்சு. அவனுக்கு ஒரே சந்தோசம், தானே கையைத் தட்டிக்கிட்டான். சதுரத்தை நாலு பக்கமும் தேய்ச்சு ஒரு வழியா உள்ள விட்டான். அப்புறம் நட்சத்திரம். அதக் கொண்டுபோய்க் கூட்டல் குறிக் குழியில வெச்சு அமுக்கினான். எறங்கல. குத்தினான். எறங்கல. நாக்குல நக்கிப் பாத்தான்.

"திருப்பு சாமி," கை கீழ கெடந்து தவிச்சுச்சு. "அந்தப் பக்கம் தங்கம், அந்தப் பக்கம்."

புவனேஷ் யோசிச்சான். யோசிச்சு, நட்சத்திரத்தை எடுத்து சட்டைப் பாக்கெட்டுல போட்டுக்கிட்டான். பிரச்சனை தீந்துச்சு.

மேடம் சிரிச்சுக்கிட்டே வாட்ச்சை நிறுத்தினாங்க. பலகையில பாதிக்கு மேல காலியாவே கெடந்துச்சு.

கைக்கு வந்துச்சே கோவம். "ஏன்டா வாட்ச்சு, உனக்கென்ன அவ்வளவு அவசரம்? எந்த பஸ்ஸப் புடிக்கப்போற நீ? இன்னுங்கொஞ்சம் விட்டிருந்தா வெச்சிருப்பான்ல."

"வெச்சிருக்கலாம். வெக்காமயும் போயிருக்கலாம்," ஸ்டாப்வாட்ச்சு சொல்லுச்சு. "அது எனக்குத் தெரியாது. நான் பாத்தது எவ்வளவோ, சொன்னதும் அவ்வளவுதான்."

"நெஞ்சுல ஈரமில்லாத பய."

அதுக்குள்ள மேடம் வேற கேள்விங்களை ஆரம்பிச்சுட்டாங்க. கட்டையில மட்டும் புத்தி முடிஞ்சு போறதில்ல. வீட்ல, தெருவுல ஒரு புள்ள என்ன செய்யுதுங்கறதையும் கேட்டுத்தான் எழுதுவாங்க.

"சட்டையை அவனே போடுவானா?"

"நான் போட்டுவிட்டுருவேனுங்க."

"பல்லு வெளக்குவானா?"

"நான் வெளக்கிவிட்டுருவேனுங்க."

"பக்கத்துக் கடைக்குப் போய் ஒரு சோப்பு வாங்கிட்டு வருவானா?"

"அதுக்கு எதுக்குங்க அவனு, நான் போயிட்டு வந்துருவேன்."

தொடைக்கு அடியில கெடந்த கைக்கு இப்பத்தான் கொஞ்சம் தெம்பு வந்துச்சு. ஒவ்வொரு பதிலுக்கும், "நான்தான், நான்தான்"னு உள்ள இருந்தே ஆஜர் குடுத்துச்சு.

"தானா சாப்பிடுவானா?"

"நான் ஊட்டிருவேனுங்க. அவனா தின்னா சிந்துவான், நேரமாகுமுங்க."

மேடம் பேனாவை வெச்சுட்டாங்க. "உங்களைப் பத்தி நல்லாத் தெரிஞ்சுக்கிட்டேன் துளசிமணி. இப்ப பையனைப் பத்திச் சொல்லுங்க."

துளசிமணி யோசிச்சா. "நான்"னுதான் ஆரம்பிக்க வந்துச்சு.

அப்பத்தான் ஸ்டாப்வாட்ச்சு வாயைத் தொறந்துச்சு. "நேரமாகும்னு சொன்னாங்களே, கேட்டியா கை? என்னை அவசரக்காரன்னு சொன்ன. நான் நிறுத்தறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரமாவது அவனை ஓட விட்டேன். ஒரு பட்டனுக்கு நீ விட்டிருக்கியா? ஒரு செருப்புக்கு? ஒரு வாய்ச் சோத்துக்கு? அவன் தேட ஆரம்பிக்கறப்பவே நேரம் முடிஞ்சுதுன்னு புடுங்கிக்கற. நான் இன்னைக்கு ஒரு நாள் வந்தவன். நீ தெனமும் கூட இருக்கற. சொல்லு, நம்ம ரெண்டு பேர்ல யாரு கடிகாரம்?"

டேப்புக்கு ஒரு நக்கல் தொண்டை வரைக்கும் வந்துச்சு. கூட்டாளிக் கையோட மொகத்தப் பாத்துட்டு முழுங்கிக்கிச்சு.

துளசிமணி கொரல் எறங்கிப் போயிருந்துச்சு. "மேடம், நான் ஊட்டி ஊட்டித்தான் இவன் இப்படி ஆயிட்டானுங்களா?"

"இல்லீங்க," மேடம் பட்டுன்னு சொன்னாங்க. "மெதுவாக் கத்துக்கற புள்ளையாத்தான் இவன் பொறந்தான். அது உங்க தப்பும் இல்ல, அவன் தப்பும் இல்ல, எவ கண்ணு பட்டதும் இல்ல. சிலது இவனுக்கு எத்தனை வருசமானாலும் வராது. சிலது லேட்டா வரும். இன்னும் சிலது, நீங்க விடாததனால வராம நிக்குது. எல்லாத்தையும் ஒரே மூட்டையாக் கட்டிக் கொண்டாந்திருக்கீங்க. எது எதுன்னு பிரிச்சுப் பாக்கோணும், அவ்வளவுதான்."

"பேப்பர்ல என்னங்க எழுதுவீங்க?"

"அளவு கம்மிதான். உள்ளபடி எழுதுவேன். அதை வெச்சுத்தான் டீச்சர் கெடைப்பாங்க. கம்மின்னு சொல்லி யாரும் இவனை வெளிய அனுப்பிர முடியாது."

"அந்த அளவு அப்படியே நின்னுருமுங்களா?"

"நம்பர் பெருசா ஏறும்னு நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனா அவன் செய்யற வேலை மாறும். சில வருசம் கழிச்சுக் கூட்டிட்டு வாங்க, திரும்ப எடுத்துப் பாக்கலாம்."

"வளர்ற புள்ளைக்குக் கீழ மடிச்சு வெச்சுத் தைச்சு, அப்புறம் பிரிச்சு எறக்கிவிடற மாதிரிங்களா?"

"அதேதான்," மேடம் சிரிச்சாங்க. அப்புறம் சிரிப்பு நின்னுச்சு. "ஒண்ணு கேக்கறேன். அந்த டீச்சர் வர்றது மத்தியானம். மத்தியானம் இவன் ஸ்கூல்ல இருப்பானா?"

"இல்லீங்க. சோத்து மணிக்கு நான் போய் ஊட்டிக் கூட்டிட்டு வந்துருவேன். ஊட்டிட்டு விட்டுட்டு வந்தா என்னைத் தேடி அழுவானுங்க."

"அப்ப டீச்சர் யாருக்குச் சொல்லிக்குடுப்பாங்க? பெஞ்சுக்கா?"

துளசிமணி தலையைக் குனிஞ்சுக்கிட்டா. பேப்பர் கெடைச்சாச்சு, டீச்சரும் கெடைச்சாச்சு. இப்ப எல்லாம் வந்து ஒரு டப்பாச் சோத்துல நிக்குது.

"டப்பா கொண்டாந்திருக்கீங்களா?"

பையில தக்காளி சாதம் இருந்துச்சு. மேடமே எடுத்துத் தொறந்து புவனேஷ் முன்னாடி வெச்சாங்க. அவனைக் கூட்டிட்டுப் போய்க் கையைக் கழுவிவிட்டு உக்கார வெச்சாங்க. பழக்க தோசத்துல வலது கை தொடைக்கு அடியில இருந்து கெளம்புச்சு.

"அது அங்கயே இருக்கட்டும்," அப்படின்னாங்க மேடம். "இதுக்கு வாட்ச்சும் வேண்டாம்." ஸ்டாப்வாட்ச்சை எடுத்து டிராயருக்குள்ள போட்டு மூடிட்டாங்க.

இருட்டுக்குள்ள இருந்து ஸ்டாப்வாட்ச்சு கேட்டுச்சு. "டேப்பு, டேப்பு. என்ன நடக்குது?"

"சோத்தைப் பாக்கறான்."

"அப்புறம்?"

"பாத்துக்கிட்டே இருக்கான்."

"அப்புறம்?"

"உன்னை எதுக்கு உள்ள போட்டாங்கன்னு இப்பப் புரியுதா? பொறுடா."

புவனேஷ் வாயை 'ஆ'ன்னு தொறந்துக்கிட்டு உக்காந்திருந்தான். தெனமும் நடக்கறது அதுதானே. வாயைத் தொறந்தா சோறு வரும். இன்னைக்கு வரல. வாயை மூடிட்டு, குனிஞ்சு, அம்மா தொடைக்கு அடியில கை எங்க போச்சுன்னு தேடினான். வெரல் நுனி தெரிஞ்சுது. அதைத் தொட்டு, "வா"ன்னான்.

கை உள்ளுக்குள்ள உருகிப் போச்சு. "அய்யோ, கூப்பிடறானே. ஒரே ஒரு வாய் குடுத்துட்டு வந்துரட்டா?"

"நான் தடுக்கல," சேரு சொல்லுச்சு. "துளசிமணி ஏற்கெனவே தொடையைத் தூக்கிட்டா. போறதுன்னா போ."

கை யோசிச்சுது. வெரலை ஒண்ணொண்ணா உள்ள இழுத்துக்கிட்டு அங்கயே படுத்துருச்சு.

புவனேஷ் நிமிந்தான். அப்புறம் தன் கையை டப்பாவுக்குள்ள விட்டான். ஒரு புடி அள்ளினான், பாதி மேசையில விழுந்துச்சு. மிச்சத்தை அமுக்கி உருட்டினான், கட்டை வெரலை மடக்கி, நுனியில ஒரு தட்டு தட்டி, அப்படியே அந்த வலது கை உருட்டற மாதிரி. அப்புறம் தூக்கினான். அது அவன் வாயை நோக்கி வந்துச்சு. வாய்கிட்ட வந்து, வாயைத் தாண்டி, மேல போச்சு.

துளசிமணி வாய்க்கு நேரா போய் நின்னுச்சு.

"ஆ," அப்படின்னான் அவளைப் பாத்து.

சோத்தை அள்ளின கை எதிர்ல இருக்கற வாய்க்குத்தான் போகும். அவன் பொறந்ததுல இருந்து பாத்தது அது ஒண்ணுதான். வேற மாதிரியும் திங்கலாம்னு அவனுக்கு யாரு காட்டினா?

டிராயருக்குள்ள இருந்து சத்தம்: "என்னாச்சு? வாயில வெச்சுட்டானா?"

"வெச்சுட்டான்," டேப்பு சொல்லுச்சு. "ஆனா வாய் மாறிப் போச்சு."

துளசிமணி வாயைத் தொறந்தா. கொஞ்சம் உள்ள போச்சு, கொஞ்சம் சேலையில விழுந்துச்சு. அவ மென்னுக்கிட்டு இருக்கறப்பவே கண்ணுல இருந்து தண்ணி ஊத்த ஆரம்பிச்சிருச்சு.

"புவனேஷ் சார், உங்களுக்கு?" அப்படின்னாங்க மேடம்.

புவனேஷ் இன்னொரு புடி உருட்டினான். அதுவும் அம்மாவுக்கே போச்சு. அடுத்ததை உருட்டித் தூக்கினான், பாதி வழியில நிறுத்தினான். உருண்டையப் பாத்தான். மேடத்தைப் பாத்தான். காக்கா இன்னும் இருக்கான்னு பாத்தான். அப்புறம் டக்குன்னு தன் வாய்க்குள்ள திணிச்சுக்கிட்டான். மூக்குல கொஞ்சம், கன்னத்துல கொஞ்சம், சட்டையில மீதி. வாய் நெறையா வெச்சுக்கிட்டுச் சிரிச்சான்.

அப்புறம் அம்மாவுக்கு ஒரு வாய். அவனுக்கு ஒரு வாய். டப்பா காலியாகறதுக்கு ரொம்ப நேரமாச்சு. எவ்வளவு நேரம்னு யாருக்கும் தெரியாது.

மேடம் பேனாவை எடுத்தாங்க. "துளசிமணி, அந்த ஒரு கேள்விக்கு இன்னும் பதில் எழுதல. தானா சாப்பிடுவானா? என்னன்னு எழுதட்டும்?"

துளசிமணிக்கு வாய் நெறையா அவன் கடைசியா ஊட்டின சோறு. பதில் சொல்ல முடியல.